மட்டை ஆளுக்குத் தக்க இருக்கணும்

காம்பு போட்ட மண்வெட்டியை அப்பா கடையில் வாங்கி நான் பார்த்ததில்லை. காவேரிப்பட்டணம் போனால் தகட்டை மட்டும் வாங்கி வருவார். வேலங்கட்டையில் காம்பை அவரே செதுக்குவார். பிறகு கொல்லுப் பட்டறைக்கு எடுத்துப்போய், ஆசாரி எதிரில் நின்று வரப்பு வெட்டுவதுபோல் குனிந்து காட்டுவார். ஆசாரி அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, தகட்டைக் காய்ச்சிக் கொஞ்சம் நிமிர்த்துவார், இல்லையென்றால் கொஞ்சம் மடக்குவார். அப்பா ஆறடி இரண்டங்குலம். "காம்பு குட்டையா இருந்தா குனிவு ஒட்டிக்கும்டா. அப்புறம் நல்ல மம்பட்டி குடுத்தாலும் நிமிர வராது" என்பார்.

நான் அவரைவிட இரண்டு அங்குலம் உயரம். ஓசூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் டூல் ரூமில் இருபது வருடமாக வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் டை என்னும் அச்சைத் திருப்பி அனுப்புகிற இடம் அது. அப்படிப்பட்ட நான், நாற்பது வயதில் கோல்ஃப் ஆட ஆரம்பித்தபோது ஒரு அளவும் எடுக்காமல் மட்டை வாங்கினேன். அதனால் ஒரு வருடம் போனது, முதுகும் கெட்டது. உயரமான ஒருவர் இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறார் என்றால், அவருக்கு அந்த ஒரு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆலைக்கு வந்துபோகும் ஒரு வாடிக்கையாளர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓசூர் பக்கத்து மைதானத்துக்கு அழைத்துப்போனார். மார்கழிக் குளிர், புல்லெல்லாம் ஈரம். அவருடைய 7 அயர்னை, அதாவது நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத்தலை மட்டையை, கொடுத்து அடிக்கச் சொன்னார். இருபது பந்தில் பத்தொன்பது தரையில் உருண்டன. ஒன்று எழும்பிப் போனது. கூர்மையான டிரில் பிட் இரும்பில் இறங்கும்போது கைக்கு ஒரு மென்மை தெரியும், அதிர்வே இருக்காது. அந்த ஒரு பந்தை அடித்தபோது அதே மென்மை கையில் இருந்தது. அடுத்த வாரமே மட்டை வாங்கக் கிளம்பிவிட்டேன்.

பெங்களூருவில் பழைய மட்டை விற்கும் ஒரு கடை. ரூ. 18,000-க்கு ஒரு செட். உயரத்தைப் பற்றிக் கேட்டேன். ஸ்டாண்டர்டு எல்லாருக்கும் சேரும், உங்களுக்கு உயரம் அதிகம் என்பதால் ஸ்டிஃப் ஷாஃப்ட், அதாவது எளிதில் வளையாத தண்டு, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆடுகிற நண்பர்களும், முதலில் ஆட்டம் கைவரட்டும், மட்டையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஐந்தடி ஏழு, எட்டு அங்குலம் இருப்பவருக்கு அது நியாயமான யோசனைதான். கடையில் தொங்கும் மட்டை ஏறக்குறைய அவர் அளவுக்குச் செய்ததுதானே. எனக்கு அது தவறான யோசனை. மட்டை என் அளவுக்கு வராதபோது என் உடம்பு மட்டையின் அளவுக்குப் போனது.

நான்கு மாதத்தில் இரண்டு விஷயம் நிலைத்தது. ஒன்று, நேராகக் குறிவைத்து அடித்த பந்து வலப்பக்கமே போனது. இரண்டு, ஞாயிறு ஆடினால் புதன்வரை இடுப்பு பிடித்துக்கொண்டது. பயிற்சி கொடுத்தவர் முட்டியை இன்னும் மடக்கு, இன்னும் குனி என்றார். நானும் குனிந்தேன். பையன் செல்போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால், நாற்று நடுகிறவர் முதுகுபோல என் முதுகு வளைந்திருந்தது. வளைந்த முதுகோடு இடுப்பைத் திருப்ப முடியாது. கையை மட்டும் வீசிக்கொண்டிருந்தேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் பயிற்சியாளர் இல்லை. மைதானத்தில் பை தூக்கும் ஒரு மூத்த கேடி. அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பதாவது குழி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது, "சார், அந்த ஏழாம் நம்பரைத் திருப்பிக் காட்டுங்க" என்றார். மட்டையின் அடிப்பாகத்தை விரலால் தடவினார். நடுவில் பளபளப்பு அப்படியே இருந்தது. முனைப் பக்கம், அதாவது ஷாஃப்ட் சேரும் குதிகாலுக்கு எதிர்ப்பக்கம், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. "முனை குத்துது சார். குதி தூக்கிக்குது. நீங்க ஒசரம், மட்டை படுத்துக் கெடக்கு. பந்து வலப்பக்கம் போகாம என்ன பண்ணும்?"

பெங்களூருவில் கேடியாக இருந்து ஆட்டக்காரரான சி. முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றவர். ஆயிரம் பேர் அடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த கண்ணுக்கு என்ன தெரியும் என்பதை அன்றைக்கு நானும் பார்த்தேன். உங்கள் மட்டை உங்களுக்குச் சேர்கிறதா என்று தெரிய வேண்டுமானால், காசு செலவழிக்கும் முன்னால் அடிப்பாகத் தேய்மானத்தைப் பாருங்கள். பழைய செட் என்றால் முந்தைய ஆளின் தேய்மானமும் சேர்ந்திருக்கும். வாங்கிய அன்றே ஒரு புகைப்படம் எடுத்துவைத்தால் பின்னால் ஒப்பிடலாம்.

அந்த அண்ணா 'படுத்துக் கெடக்கு' என்றது லை ஆங்கிள். மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கும்போது ஷாஃப்ட் தரையோடு எத்தனை டிகிரியில் சாய்ந்திருக்கிறது என்ற கணக்கு. 7 அயர்னில் கடைச்சரக்குக்கு 62, 63 டிகிரி இருக்கும். உயரமானவரின் கை தரையிலிருந்து எட்டத்தில் இருப்பதால் அவர் பிடிக்கும்போது ஷாஃப்ட் இன்னும் நிமிர்கிறது. ஷாஃப்ட் நிமிர்ந்தால் குதி எழும்பும், முனை தரையில் இறங்கும். அப்பா ஆசாரி முன் குனிந்து நின்றது இந்தக் கோணத்துக்காகத்தான். மண்வெட்டியின் ஒரு மூலை மட்டும் மண்ணில் இறங்கினால் வரப்பு கோணலாகும் என்று அவருக்குத் தெரியும்.

முனை இறங்கினால் பந்து ஏன் வலப்பக்கம் போக வேண்டும்? மட்டையின் முகம் நேராக நிற்பதில்லை, வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக்குப் பெயர் லாஃப்ட். சாய்ந்த பலகையை ஒரு பக்கம் தாழ்த்தினால் அது அந்தப் பக்கமே பார்க்கத் தொடங்கும். டூல் ரூமில் ஒரு சாய்தளக் கட்டையை வைத்துப் பார்த்தபோது கணக்கு எளிதாக வந்தது. கோணத் தவறை லாஃப்டின் டேன்ஜென்ட்டால் பெருக்கினால் முகம் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்பது ஏறக்குறையக் கிடைக்கும். என் 7 அயர்னின் லாஃப்ட் 34 டிகிரி. 3 டிகிரி தவறு இருந்தால் முகம் 2 டிகிரி வலப்பக்கம் பார்க்கிறது. 130 மீட்டர் போகும் பந்துக்கு அது நாலரை மீட்டர் விலகல். நான் எவ்வளவு ஒழுங்காக அடித்தாலும் இந்த விலகல் இருந்தே தீரும். பந்தைக் கிட்டத்தில் உயரத் தூக்கும் குட்டை மட்டையான 56 டிகிரி வெட்ஜில் அதே தவறு நாலரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. தூரமாக அடிக்கும் நீள மட்டையான 10 டிகிரி டிரைவரிலோ அரை டிகிரிதான். உயரமானவர்கள் கடையில் எடுத்ததும் டிரைவரைத்தான் அடித்துப் பார்க்கிறோம், அது நன்றாகப் போகிறது, செட் முழுவதும் சேர்கிறது என்று நம்பிவிடுகிறோம். சோதிக்க வேண்டியது குட்டை மட்டைகளை.

இவ்வளவு தெரிந்தபின் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையில் கருவி இருக்கிறவர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள். கிரிப்பைக் கழற்றி, ஷாஃப்டின் மேல்முனையில் நீட்டிப்புத் துண்டை எபாக்ஸி வைத்து ஒட்டி, எல்லா அயர்னையும் ஒன்றரை அங்குலம் நீட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு பந்து வலப்பக்கம் போவது நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

நீளமும் கோணமும் ஒன்றையொன்று இழுக்கும். அரை அங்குலம் நீட்டினால், கை அதே உயரத்தில் இருக்கும்வரை, லை ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்ததுபோல ஆகிவிடும். ஒன்றரை அங்குலத்தில் எனக்கு வேண்டிய 3 டிகிரியும் கிடைத்துவிட்டது. அதனால்தான் திசை சரியானது. ஆனால் நீளம் எனக்கு வேண்டியதைவிட ஒரு அங்குலம் அதிகம். அதன் விலையை வேறு இடத்தில் கொடுத்தேன். பந்து மட்டை முகத்தின் நடுவில் படாமல் குதிகால் பக்கம் சிதறிப் பட்டது. தலை சம்மட்டிபோல் கனத்தது. மட்டையின் எடைச் சமநிலைக்கு ஸ்விங் வெயிட் என்று ஒரு அளவு உண்டு. பிடிமுனையிலிருந்து 14 அங்குலத்தில் தாங்கி வைத்து, தலைப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பார்கள். அரை அங்குலம் நீட்டினால் ஏறக்குறைய மூன்று புள்ளி ஏறும். டி2-இல் இருந்த என் மட்டைகள் டி9-ஐத் தாண்டியிருந்தன. பத்தாவது குழிக்குமேல் கை ஓய்ந்துபோனதற்கு அதுதான் காரணம். நோயின் ஒரு அறிகுறி போனதும் நோயே போய்விட்டது என்று இரண்டு மாதம் ஏமாந்திருந்தேன்.

உயரத்தை மட்டும் வைத்து நீளம் முடிவு செய்ததுதான் தப்பின் வேர். உயரமானவர்களுக்குக் கையும் பெரும்பாலும் நீளமாக இருக்கும். கை நீளமாக இருந்தால் மட்டையைப் பிடிக்கும் இடம் தரைக்கு அருகில் வந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள அளவு. ஆடும்போது போடும் காலணியைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, தோளை இறக்கிவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு ஆரம்பிக்கும் மடிப்பிலிருந்து தரை வரை வேறொருவர் அளக்க வேண்டும். நாமே அளந்தால் குனிந்துவிடுவோம், அரை அங்குலம் அங்கேயே போய்விடும். என் அளவு 37½ அங்குலம். கூட வேலை செய்யும் ஆறடி நண்பருக்கு 36. உயரத்தில் எங்களுக்குள் நான்கு அங்குல வித்தியாசம், இந்த அளவில் ஒன்றரைதான். எனக்கு மட்டை ஏன் ஒன்றரை அங்குலம் நீள வேண்டியதில்லை என்பது அந்த டேப்பிலேயே தெரிந்தது.

இந்த அளவும் ஆரம்பப் புள்ளிதான். பிங் நிறுவனம் உயரத்தையும் இந்த மணிக்கட்டு அளவையும் சேர்த்துப் பார்த்து அயர்னில் நிறப்புள்ளி வைக்கிறது. கறுப்பு என்றால் ஸ்டாண்டர்டு, நீலமும் பச்சையும் நிமிர்ந்த பக்கம், சிவப்பு படுத்த பக்கம். பழைய மட்டை தேடும் உயரமானவர்களுக்கு இது பெரிய உதவி, புள்ளியைப் பார்த்தே பாதிக் கடையை ஒதுக்கிவிடலாம். ஆனால் நிற்கும்போது எடுத்த அளவும் வீசும்போது உடம்பு இருக்கும் நிலையும் ஒன்றல்ல. அடிக்கும் நொடியில் கை இன்னும் மேலே எழும்பும். அதனால் அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசியில் பெங்களூருவில் மட்டை பொருத்திக் கொடுக்கும் ஒருவரிடம் ரூ. 3,000 கொடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன், கோல்ஃபுக்காக நான் செய்த செலவிலேயே பிரயோசனமானது அதுதான். அவர் முதலில் என் நீட்டிப்பையெல்லாம் கழற்றிவிட்டார். நீளத்தை முடிவு செய்ய, முகத்தில் பவுடர் தூவிப் பத்துப் பத்துப் பந்தாக அடிக்கவைத்தார். பந்து பட்ட தடம் எங்கே கூடுகிறது என்பதைப் பார்த்து, அரை அங்குலம் போதும் என்றார். அந்த நீளத்தை நிறுத்திய பிறகுதான் கோணத்துக்குப் போனார். மட்டையின் அடியில் டேப் ஒட்டி, கெட்டியான பலகைமேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார். டேப்பில் கீறல் முனைப் பக்கம் விழுந்தால் இன்னும் நிமிர்த்த வேண்டும், குதிப் பக்கம் விழுந்தால் படுக்கவைக்க வேண்டும். 2 டிகிரி நிமிர்த்தியதும் கீறல் நடுவுக்கு வந்தது. அரை அங்குல நீளம் கொடுத்த ஒரு டிகிரியும் இந்த இரண்டும் சேர்ந்தால் நான் போட்ட 3 டிகிரிக் கணக்குதான். நீளம் முதலில், கோணம் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

பலகை இல்லாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் கனமாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக மட்டையை நோக்கி இருக்கும்படி வைத்து அடியுங்கள். கோடு மட்டை முகத்தில் பதியும். முகத்தின் பள்ளக்கோடுகளுக்கு அது நேர்குத்தாக இருந்தால் கோணம் சரி. அதன் தலை குதிப் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டை உங்களுக்குப் படுத்திருக்கிறது, முனைப் பக்கம் சாய்ந்திருந்தால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. ஒரு அடியை வைத்து முடிவுக்கு வராதீர்கள், குறைந்தது பத்து அடி அடியுங்கள்.

வளைப்பதைப் பற்றி டூல் ரூம்காரனாக ஒரு எச்சரிக்கை. எல்லா இரும்பும் வளையாது. ஃபோர்ஜிங் செய்த, அதாவது அடித்து உருவாக்கிய, கார்பன் ஸ்டீல் தலை மெதுவாக வளையும், வளைத்த இடத்தில் நிற்கும். வார்ப்புத் தலைகளில் 17-4 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மிகவும் கடினம், இழுத்தால் திரும்பும், பலவந்தப்படுத்தினால் ஷாஃப்ட் சேரும் கழுத்தில் விரிசல் விடும். ஒன்று, இரண்டு டிகிரிக்குமேல் அதில் ஆசைப்படக் கூடாது. வீட்டு வைஸில் வைத்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கோணத்தை வளைக்கும்போது லாஃப்ட்டும் நகர்ந்துவிடும், இரண்டையும் சேர்த்து அளக்கிற கருவி வேண்டும். பழைய செட் வாங்கும் முன் தலை எந்த உலோகம், எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என் செட் தாங்கியது என் அதிர்ஷ்டம்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உயரத்துக்கும் ஸ்டிஃப் ஷாஃப்டுக்கும் சம்பந்தமில்லை, வீசும் வேகத்துக்குத்தான் சம்பந்தம். எனக்கு ரெகுலர் போதும் என்று அளந்த பிறகு தெரிந்தது. ஆனால் ஷாஃப்ட் மாற்றும் செலவை ஆரம்பத்திலேயே செய்ய வேண்டாம், வீச்சு இன்னும் மாறும். கிரிப்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெரிய கைக்கு ஒல்லியான கிரிப் கிடைத்தால் தன்னால் இறுக்கிப் பிடிப்போம், முழங்கை வரை விறைக்கும். இடது கையால் பிடித்தால் நடுவிரல் நுனி உள்ளங்கையின் மேட்டை லேசாகத் தொட வேண்டும், அதில் அழுந்தினால் கிரிப் ஒல்லி. அடியில் ஒரு சுற்று டேப் கூடினால் ஒரு அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு தடிக்கும். எனக்கு மூன்று சுற்று கூடுதலாகப் போட்டார்கள். அன்றைக்கே முழங்கை வலி குறைந்தது.

டிரைவரை நீட்டாதீர்கள். இப்போது கடைக்கு வருவதே 45, 45½ அங்குலம். விதி 48 அங்குலம் வரை அனுமதிக்கிறது, பெரிய போட்டிகளில் 2022 முதல் 46-ஆகக் கட்டுப்படுத்த முடியும். ஆனால் பழகுகிறவருக்கு நீள நீளத் தவறுதான் பெருகும். நான் ஒரு அங்குலம் இறக்கியே பிடிக்கிறேன். பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையான பட்டரை 34-லிருந்து 35 அங்குலத்துக்கு மாற்றினேன், பந்து கண்ணுக்கு நேர் கீழே வந்தது. பதினான்கு மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகப் பதினான்கும் வாங்க வேண்டியதில்லை. சரியாகப் பொருத்திய ஏழு மட்டைகளோடு நான் ஒரு வருடம் ஆடினேன், எதுவும் குறையவில்லை.

உயரம் இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது என்று என்னிடம் சிலர் சொன்னதுண்டு. 1969-ல் மாஸ்டர்ஸ் வென்ற ஜார்ஜ் ஆர்ச்சர் ஆறடி ஐந்து அங்குலத்துக்கும் மேல். அது போதும்.

மட்டை சரியான பிறகும் உடம்பு சரியாகவில்லை. அதைத்தான் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். குட்டை மட்டையோடு பழகிய நான்கு மாதக் குனிவைக் கைவிட எட்டு மாதம் ஆனது. பொருத்தமான மட்டையைக் கையில் கொடுத்தாலும் முட்டி தன்னால் மடங்கியது, முதுகு தன்னால் வளைந்தது. முதுகைக் கோல்போல வைத்துக்கொண்டு இடுப்பு மூட்டில் மட்டும் சாய வேண்டும் என்பதற்காக, தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு துடைப்பக் கட்டையைத் தலை, முதுகு, இடுப்பு மூன்றிலும் படும்படி பிடித்துக்கொண்டு சுவருக்கு முன் குனிந்து நிமிர்ந்தேன். திசை சரியானதும், வலது பக்கம் போகும் பந்தைச் சரிக்கட்ட நான் தெரியாமலே பழகியிருந்த மணிக்கட்டு முறுக்கு இப்போது பந்தை இடப்பக்கம் இழுத்தது. அதையும் விட வேண்டியிருந்தது. முதல் நாளே அளந்திருந்தால் இந்த எட்டு மாதமும் ஆட்டம் பழகப் போயிருக்கும்.

தங்கை மகன் கிருஷ்ணகிரியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான், இப்போதே ஆறடி ஒன்று. போன மாதம் எங்களோடு வந்து பத்துப் பந்து அடித்ததிலிருந்து, "மாமா, எனக்கும் மட்டை வாங்கிக் குடுங்க" என்று பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்பா வீட்டுத் திண்ணையில், ஷூ போட்டு நிற்கவைத்து அளந்தேன். 36 அங்குலம். சுவரில் மணிக்கட்டு உயரத்தில் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதியிருக்கிறேன். இன்னும் வளருகிற பையன், அதனால் இப்போதைக்கு என் 7 அயர்னும் வெட்ஜும் மட்டும். மார்க்கர் கோடு போட்டு அடித்துப் பார்த்தான், எட்டுக் கோடு நேராக விழுந்தது, இரண்டு லேசாக முனைப் பக்கம் சாய்ந்தன. பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டையை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "நடுவுலதான் தேஞ்சிருக்கு" என்று சொல்லி அவனிடம் கொடுத்தார்.